நிழல் தெரியாத தார்ப்பாய்

திருமழிசை தொழிற்பேட்டையில் தார்ப்பாய் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறேன். பாயின் ஓரத்தில் துளை போட்டு வளையம் அடிப்பது என் வேலை. கயிறு கட்டுவதற்கான வளையம். மிஷினைக் காலால் மிதிக்க வேண்டும். நாள் முழுக்க மிதிப்பேன்.

லாரிக்கு, நெல்லுக்கு, பந்தலுக்கு என்று எல்லாவற்றுக்கும் செய்வோம். போன வருஷம் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. எங்கோ தூரத்து நாட்டில் சண்டை. ஊரை விட்டு ஓடிவந்த ஜனங்களுக்குக் கொடுப்பதற்கு ஒரு உதவி அமைப்பு கேட்டது. அது வேறு மாதிரிப் பாய். இரண்டு பக்கமும் வெள்ளை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கறுப்பு அடுக்கு. ஒரு பக்கத்தில் மட்டும், மத்தியில், நீல நிறத்தில் அந்த அமைப்பின் முத்திரை.

நடுவில் கறுப்பு எதற்கு என்று எங்களுக்குத் தெரியவில்லை. சரக்கைச் சோதிக்க வந்தவர் காட்டினார். ஒரு பாயைத் தொங்கவிட்டு, பின்னால் டியூப்லைட்டைப் பிடிக்கச் சொன்னார். லைட்டுக்கும் பாய்க்கும் நடுவில் ஒரு ஆளை நிறுத்தினார். நாங்கள் முன்னால் நின்று பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை.

“உள்ள விளக்கு எரிஞ்சாலும் வெளிய நிழல் விழக்கூடாது. பொம்பளைங்க இருப்பாங்க இல்ல,” என்றார்.

மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் மிஷினுக்குப் போய்விட்டேன்.

நான் முகாம்காரன். இலங்கையில் சண்டை நடந்தபோது ஆறு வயதில் அம்மாவோடு படகில் வந்தவன். இப்போது நாற்பது தாண்டிவிட்டது. இன்னும் அகதி முகாமில்தான் இருக்கிறோம். எனக்குக் கல்யாணம் அங்கேதான் நடந்தது. மகள் அங்கேதான் பிறந்தாள்.

கம்பெனியில் இது யாருக்கும் தெரியாது. ராமநாதபுரம் பக்கம் என்று சொல்லி வைத்திருந்தேன். முன்பு அம்பத்தூரில் ஒரு பட்டறையில் இருந்தேன். முகாம் என்று தெரிந்த பிறகு, அக்கம்பக்கத்தில் எது காணாமல் போனாலும் போலீஸ் என்னிடம்தான் வந்தது. முதலாளி நல்ல மனிதர். “வேற எடம் பாத்துக்கப்பா, எனக்கு ரோதனையா கீது,” என்றார். அதிலிருந்து யாரிடமும் சொல்வதில்லை. பேச்சையும் மாற்றிக்கொண்டேன். வெளியே இந்த ஊர்ப் பேச்சு. வீட்டில் வீட்டுப் பேச்சு. யோசிக்க வேண்டியதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மாறிவிடும்.

வீடு என்றால் ஒரே அறை. நான், மனைவி, அம்மா, மகள். தெருப் பக்கச் சுவர் ஒரு மழையில் விழுந்துவிட்டது. அதிகாரிகளிடம் மனு கொடுத்தோம். வரும் என்றார்கள். நாங்களாகக் கல் வைத்துக் கட்டக் கூடாது. அதுவரைக்கும் கடையில் விற்கும் நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன்.

எதிரே தண்ணீர்க் குழாய். எப்போதும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே பல்பு எரிந்தால், யார் நிற்கிறார்கள், யார் குனிகிறார்கள் என்று அந்த நீலத்தில் அப்படியே தெரியும்.

மகளுக்குப் பதிமூன்று வயது. அவள் பெரியவளாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பள்ளிக்கூடம் தூரம். வகுப்பு முடிந்து பஸ் பிடித்து வருவதற்குள் இருட்டிவிடும். ஒருமுறை பல்பை அணைத்துவிட்டு உடை மாற்றினாள். குழாயடியில் விசில் அடித்தார்கள். பல்பு அணைந்தால் எதற்கு என்று அவர்களுக்குத் தெரிந்துபோயிற்று. நான் வெளியே போய்ச் சண்டை போட்டேன். “நாங்க சும்மாதானே இருக்கிறம் அண்ணை,” என்றார்கள். பாய்க்கு மேல் போர்வை கட்டிப் பார்த்தேன். மழையில் ஊறி நாறியது.

அதன் பிறகு அவள் உடை மாற்றுவதில்லை. பள்ளிக்கூட யூனிபாரத்தோடு உட்கார்ந்திருப்பாள். அதோடே சாப்பிடுவாள், படிப்பாள். தெரு அடங்கும்வரை காத்திருப்பாள். பல நாள் அதற்குள் தூங்கிவிடுவாள். காலையில் மனைவி அந்தச் சட்டையைத் தண்ணீர் தெளித்துத் தேய்த்துக் கொடுப்பாள்.

“நானும் அந்த நாளிலை இப்பிடித்தானே இருந்தனான்,” என்றாள் அம்மா. ஆறுதலுக்குத்தான் சொன்னாள். மகள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, “அப்பா, எனக்கு ஒரு மறைப்பு வேணும்,” என்றாள். அவள் எதையும் கேட்கிறவள் இல்லை.

கம்பெனியில் பிசகான பாய்கள் தனியாக வரும். ஓரம் ஒட்டாதது, முத்திரை கோணியது. அவற்றை இரண்டாக அறுத்துப் பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவனுக்குப் போட வேண்டும். முழுசாக வெளியே போகக் கூடாது. ஆர்டர் கொடுத்தவர்கள் போட்ட சட்டம் அது.

ஒரு நாள் அப்படி ஒன்று வந்தது. முத்திரை மட்டும் கோணல். மற்றபடி புத்தம் புதுசு. சூப்பர்வைசர் என்னிடம் கத்தியைக் கொடுத்தார். அவர் திருமழிசைக்காரர். அவர்கள் பயிர் வைத்த நிலத்தில் இப்போது பக்கத்துக் கம்பெனி நிற்கிறது. என்னைவிடச் சின்னவர். எல்லோரையும் நைனா என்பார்.

“சார், இத்த நான் எடுத்துக்கினு போவட்டா?” என்று கேட்டேன்.

“எதுக்கு?”

“ஊட்டுக்கு.”

“நைனா, இது அகதிங்க சரக்கு. வேற கம்பெனில இப்பிடித்தான் ஒண்ண வெளிய உட்டானுங்க. பரோட்டா கடைக்காரன் பந்தலா கட்டிக்கினான். எவனோ போட்டோ புடிச்சி அனுப்பிட்டான். ஆர்டரே பூட்ச்சி. அகதிக்கு தவிர யாருக்கும் கெடையாது. அறு.”

கத்தியோடு நின்றேன். பாய் காலடியில் விரிந்து கிடந்தது. எங்கள் தெருப் பக்கத்துக்கு அது போதும். மடித்துக் கட்டினாலும் மிஞ்சும்.

“நானும் அகதிதான் சார்,” என்றேன்.

சூப்பர்வைசர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பேக்கிங்கில் இருந்தவன் சிரித்தான். அவனைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்.

“டேய், ஒரு பாயிக்காக நைனா நாட்டையே மாத்திக்கினாரு பாரு!” என்றார் சூப்பர்வைசர்.

“நெசமா சார். முகாம்ல கீறேன். சின்ன வயசுல படகுல வந்தோம்.”

“கீறேனா? சிலோன்காரன் கீறேன்னு சொல்லுவானா? எங்க சித்தப்பா மாதிரி பேசினுகீற. எங்க, அவங்க பேச்சு பேசு, பாக்கலாம்.”

வாயைத் திறந்தேன். வரவில்லை. வீட்டில் தானாக வரும் பேச்சு, அந்த இடத்தில், அத்தனை பேர் பார்க்கும்போது வரவில்லை.

“நான்… அங்கையிருந்து… வந்தனான்,” என்றேன். எனக்கே பொய்யாகக் கேட்டது. சினிமாவில் சிலோன்காரனாக நடிக்கிறவன் பேசுவது மாதிரி இருந்தது.

கைதட்டினார்கள். “செம மாமே! இன்னொரு தபா பேசு!” என்றான் பேக்கிங்காரன்.

முகாம் அட்டை சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டினால் எல்லோரும் வாயை மூடுவார்கள். பாய் கிடைத்தாலும் கிடைக்கும். அதற்குப் பிறகு வேலை இருக்குமா என்பது தெரியாது. கை சட்டைப் பை வரைக்கும் போனது. அதில் இருந்த கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பாயை அறுத்தேன். முத்திரை இரண்டாகப் போயிற்று.

சூப்பர்வைசருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “நல்லா சிரிக்க வெச்ச நைனா. முழுசுக்குத்தான சட்டம்? ரெண்டு துண்டையும் நீயே எடுத்துக்கினு போ,” என்றார்.

பூந்தமல்லி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆவடி பஸ் மாறியபோது கண்டக்டர், “இன்னா பெர்சு, பந்தல் காண்ட்ராக்டா?” என்று கேட்டு, அதற்கும் டிக்கெட் கிழித்தார்.

“இது எங்கால?” என்றாள் மனைவி.

“கொம்பனியிலை தந்தவை.”

“ஏன் வெட்டிக் கிடக்கு?”

“அது அவையின்ரை சட்டம்.”

செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னேன். பேச்சு தானாக வந்தது.

மனைவி கோணி ஊசியால் இரண்டு துண்டையும் சேர்த்துத் தைத்தாள். முத்திரை தெருவில் தெரிந்தால் அதிகாரிகள் கேட்பார்கள். அதனால் அது உள்பக்கம் வரும்படி கட்டினோம். நான் குழாயடியில் போய் நின்றுகொண்டேன். அவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பல்பு எரிந்தது. மகளைப் பல்புக்கு முன்னால் நிற்கச் சொல்லியிருந்தேன்.

“நிக்கிறியா?” என்று கத்தினேன்.

“நிக்கிறன்.”

“கையை ஆட்டு.”

“ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறன் அப்பா.”

தையல் ஓட்டைகளில் மட்டும் புள்ளி புள்ளியாக வெளிச்சம். வேறொன்றும் இல்லை. வெறும் வெள்ளை. குழாயடியில் இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

இப்போது அவள் வந்ததும் உடை மாற்றிக்கொள்கிறாள். பல்பு எரியும். நான் வெளியே வந்து நிற்பேன். பகலிலும் அறைக்குள் வெளிச்சம் வருவதில்லை. அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது. சுவர் இன்னும் வரவில்லை.

கம்பெனியில் எனக்கு அகதி என்றே பெயராகிவிட்டது. வாட்ச்மேன்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். முகாமில் தலை எண்ணும் நாளில் நான் இருந்தாக வேண்டும். காய்ச்சல் என்று லீவு சொல்வேன். மறுநாள், “அகதிக்கி இன்னா அடிக்கடி காய்ச்சல் வருது?” என்பான் பேக்கிங்காரன். எல்லோரும் சிரிப்பார்கள். இனி நானே அட்டையைக் காட்டினாலும் எந்த பிரஸ்ஸில் அடித்தாய் என்றுதான் கேட்பார்கள்.

அந்த ஆர்டர் திரும்ப வந்திருக்கிறது. அதே வெள்ளை, அதே கறுப்பு. மிதித்துக்கொண்டிருக்கிறேன்.

“டேய் அகதி! கீறியா?” என்று சத்தம் வரும்.

“கீறேன் மாமே,” என்பேன்.