பாறைக்குழியில் இறைத்த எள்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதத்தில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பாலைவனத்தில் நான் ஒரு சிறு நீர்நிலையைக் கெடுத்தேன். அந்தப் பழியை என் நண்பர் ஏற்றுக்கொண்டபோது பக்கத்திலேயே நின்றும் வாய் திறக்கவில்லை. இரண்டில் எது பெரிய தவறு என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

நான் யாழ்ப்பாணத்தவன். கனடாவின் மொன்றியலில் குடிநீர் சுத்திகரிக்கும் துறையில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்நகரின் வடபகுதியான அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் குடியிருக்கிறேன். நண்பர் சென்னைக்காரர், ஓய்வுபெற்ற மருத்துவர், இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். என் மனைவி இறந்தபின் நான் வீட்டுக்குள்ளேயே கிடந்த நாட்களில், காலையில் வந்து மணியடித்து என்னை ஆற்றங்கரைக்கு நடக்க இழுத்துப்போனவர் அவர்தான். தான் சேர்ந்திருந்த முதியோர் நடைக்குழுவிலும் என்னைச் சேர்த்துவிட்டார். அந்தக் குழு வசந்தத்தில் ஒருமுறை, முதுகில் மூட்டையுடன் பாலைவனத்துக்குப் போய்க் கூடாரமடித்துத் தங்கும்.

எங்கள் வழிகாட்டி மொன்றியல் தீவின் மேற்கு முனையில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஊரில் வசிக்கும் கெபெக் பெண்மணி, முன்பு உயிரியல் கற்பித்தவர். பயணத்துக்கு முன் அவருடைய ஊர் ஏரிக்கரையில் எங்களுக்குப் பயிற்சி வைத்தார். போன இடத்தில் நாம் போனதற்கான அடையாளமே இருக்கக்கூடாது என்பதுதான் அவருடைய பாடம். மண்ணை மிதிக்காமல் பாறைமேல் நடக்க வேண்டும். நெருப்பு மூட்டக்கூடாது. தோடம்பழத் தோலைக்கூடத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். பாலைவனத்தில் எதுவும் எளிதில் மக்காது என்பதால், காலைக்கடனையும் அதற்கான பையில் கட்டிச் சுமந்துவர வேண்டும். இதைக் கேட்டதும் டொக்டர் என் காதருகே குனிந்தார்.

“எம்.பி.பி.எஸ்., எம்.டி. முடிச்சுட்டு, இந்த வயசுல என்னோடதை நானே முதுகுல தூக்கிட்டு நடக்கணுமா சார்?”

“பேசாமல் தூக்குங்கோ டொக்டர். வேறை ஆரும் தூக்கித் தரமாட்டினம்.”

மொன்றியலின் டோர்வல் நிலையத்தில் விமானம் ஏறும்வரை இதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். பாலைவனத்தில் இறங்கி நடக்கத் தொடங்கியதும் சிரிப்பு அடங்கிவிட்டது. சிவந்த பாறை, அதற்குமேல் வானம், வேறு ஒன்றுமில்லை. என் காதுக்குள் இரத்தம் ஓடும் சத்தம் எனக்கே கேட்டது. நாங்கள் எட்டுப் பேர் அங்கே நிற்பதை அந்த இடம் கவனித்ததாகவே தெரியவில்லை. கோயில் மூலஸ்தானத்துக்கு முன்னால்கூட நான் அவ்வளவு சிறியவனாக நின்றதில்லை.

இரண்டாம் நாள், நாங்கள் தங்கிய இடத்துக்குச் சற்றுத் தூரத்தில், பாறையில் இருந்த குழிகளை வழிகாட்டி காட்டினார். முந்திய வாரம் பெய்த மழை அவற்றில் தேங்கியிருந்தது. எங்கள் குடிநீரைப் பெரிய குழி ஒன்றிலிருந்து கோப்பையால் மட்டும் மொண்டு வடிகட்டுவோம். மற்றக் குழிகளில் விரல்கூடப் படக்கூடாது. டொக்டர் ஆர்வத்தில் ஒரு சிறு குழிக்குள் கை நீட்ட, தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கை அது என்று வழிகாட்டி எல்லோர் முன்னாலும் தடுத்தார். டொக்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

பிறகு எங்களைக் குனிந்து பார்க்கச் சொன்னார். கை அகலம்கூட ஆழமில்லாத நீரில், கேடயம் போன்ற முதுகும் நீண்ட வாலும் உள்ள சிறு உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. டைனோசர்களுக்கு முன்பிருந்தே ஏறக்குறைய இதே உருவத்தில் வாழ்பவையாம். குழி வற்றினால் இவை செத்துவிடும். முட்டைகள் மட்டும் தூசியோடு தூசியாக, வெயிலிலும் பனியிலும் வருடக்கணக்கில் காத்துக் கிடக்கும். மழை வந்தால் திறக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியை என்னிடம் தந்து, “தலையைப் பாருங்கள், மூன்று கண்கள்” என்றார்.

பார்த்தேன். மூன்று கண்கள்தான். சைவனாக வளர்ந்தவனுக்கு அந்தக் காட்சி என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்காமல் மறுபடியும் குனிந்து பார்த்தேன்.

மறுநாள் என் மனைவியின் திவசத் திதி. ஒருவரிடமும் சொல்லவில்லை. எங்களுக்கு ஒரே மகள். திவசத்தை நான்தான் செய்துவந்தேன். எள்ளும் அரிசிமாவும் கொஞ்சம் நெய்யும் சிறு டப்பாக்களில் கொண்டுபோயிருந்தேன். எங்காவது ஒரு கல்லில் வைத்துக் கும்பிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த மூன்று கண்களைப் பார்த்தபின் வேறு இடம் மனதுக்கு வரவில்லை. இங்கே, இவற்றின் முன்னால் கொடுப்பதைவிட அவளுக்கு என்ன வேண்டும் என்று தோன்றியது.

விடியும் நேரத்தில் தனியே போனேன். தேத்தண்ணீருக்கு வைத்திருந்த பால்மாவைக் கரைத்து எள்ளோடு சேர்த்து, அவள் பெயர் சொல்லி அந்த மூன்று கண் உயிர்கள் நீந்திய குழிக்குள் வார்த்தேன். நெய் விட்டுப் பிசைந்த மா உருண்டையையும் இட்டேன். ஊரில் பிண்டத்தைக் கடலில் கரைத்தால் மீன்கள் சாப்பிடும். இவையும் சாப்பிடும் என்று நினைத்தேன். சிறிதளவு நீரில் பாலும் கொழுப்பும் உயிர்வாயுவை எப்படித் தின்று தீர்க்கும் என்று உத்தியோக காலத்தில் மற்றவர்களுக்கு விளக்கம் சொன்னவன் நான். அன்று அந்தப் படிப்பு எனக்கு நினைவுக்கே வரவில்லை. சூரியன் எழுந்து பாறையெல்லாம் பொன்னாக, நான் அழுதுகொண்டு நின்றேன். அவள் போனபின் மனம் நிறைந்து அழுதது அன்றுதான்.

பகல் முழுவதும் வேறு பக்கம் நடந்துவிட்டு மாலையில் திரும்பினோம். குழிநீர் கலங்கிப் புளித்த மணம் வந்தது. மேலே நெய்ப்படலம் மினுங்கியது. மூன்று கண் உயிர்கள் எல்லாம் மல்லாந்து மிதந்தன.

வழிகாட்டி சத்தம் போடவில்லை. யார் செய்தது என்று மட்டும் கேட்டார். எல்லோருடைய பார்வையும் டொக்டரின் எண்ணெய்த் தலைக்குப் போனது. டொக்டர் குழிக்குள் குனிந்து பார்த்தார். பிறகு ஒரு கணம் என்னைப் பார்த்தார். நிமிர்ந்து, “நான்தான். பால் கோப்பையைக் கழுவினேன். மன்னித்துக்கொள்ளுங்கள்” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் வாய் திறந்திருக்க வேண்டும். வழிகாட்டி முழங்காலிட்டு, செத்தவற்றை ஒவ்வொன்றாகக் கோப்பையில் எடுத்துக்கொண்டிருந்தார். அதற்குப்பின் டொக்டரோடு யாரும் அதிகம் பேசவில்லை. மொன்றியலுக்குத் திரும்பியதும், இனி வர வேண்டாம் என்று குழு அவரிடம் சொல்லிவிட்டது. அவருக்கு அந்தக் குழுதான் வீடு மாதிரி. என்னை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவரோ வழக்கம்போல மணியடித்தார். கால் வலி, தடிமன் காய்ச்சல் என்று ஏதாவது சாட்டுச் சொல்லிக் கதவடியிலிருந்தே அனுப்பினேன். முகம் கொடுக்க முடியவில்லை. இலையுதிர் காலத்தில் ஒருநாள் என்னால் தாங்க முடியாமல் அவரோடு ஆற்றங்கரைக்கு நடந்துபோய் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அன்னிக்கே தெரியும் சார். ஓரத்துல எள்ளு ஒட்டிக் கெடந்துச்சே. அந்தப் பாலைவனத்துக்கு எள்ளு எடுத்துட்டு வர்ற ஆளு யாரு?”

“அப்ப ஏன் சொல்லேல்லை?”

“உங்க மூஞ்சியப் பாத்தேன். மேடத்தோட திவசம்னு அப்பதான் உறைச்சுது. அந்த நாள்ல உங்கள எல்லார் முன்னாடியும் நிக்க வைக்கவா? எனக்கு ஏற்கெனவே எண்ணெய்த் தலைன்னு பேரு. இன்னொண்ணு சேர்ந்தா என்ன?”

“பேர் மட்டுமே போனது? உங்கட குழு ஆக்களும் எல்லே போயிட்டினம்.”

அவர் சப்பாத்து நாடாவைக் குனிந்து கட்டத் தொடங்கினார். வெகுநேரம் கட்டினார்.

குழுவின் அடுத்த கூட்டத்துக்கு, மறுத்த அவரையும் பிடிவாதமாக அழைத்துக்கொண்டு சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குப் போனேன். எல்லோர் முன்னிலும் எழுந்து, செய்தது நான், மறைத்ததும் நான் என்று சொன்னேன். எழுந்து டொக்டரிடம் போய்க் கைபிடித்து மன்னிப்புக் கேட்டவர்களும் உண்டு, என்னைப் பாராமலே வெளியே போனவர்களும் உண்டு. வழிகாட்டி என் மனைவியின் பெயரைக் கேட்டார். சொன்னேன். அவர் அதைத் திருத்தமாக உச்சரிக்கும்வரை சொல்லிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “என்னிடம் கேட்டிருக்கலாம். அவருக்கு ஓர் இடம் பார்த்துத் தந்திருப்பேன்.”

அந்தக் குழிக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். ஒன்றும் செய்யக்கூடாது, தொடாமல் விடுவதுதான் செய்யக்கூடியது என்றார்.

அடுத்த வசந்தத்தில் எங்கள் இருவரையும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். குழுவின் கழிவுப்பைகளை எல்லாம் நான் சுமந்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகக் கேட்டு வாங்கினேன். திதியன்று வழிகாட்டி ஒரு தட்டைப் பாறையைக் காட்டினார். என் குடிநீரில் ஒரு மிடறை எள்ளோடு கோப்பைக்குள்ளேயே வார்த்து, அவளை நினைத்துவிட்டு, எல்லாவற்றையும் போத்தலில் மூடிப் பைக்குள் வைத்தேன்.

“டோர்வல்ல கஸ்டம்ஸ்காரன் இது என்னன்னு கேட்டா என்ன சார் சொல்வீங்க?” என்றார் டொக்டர்.

“என்ரை மனுசி எண்டு சொல்லுவன்.”

முதலில் அவர் சிரித்தார். பிறகு இருவரும் சிரித்தோம். அந்த நிசப்தத்தில் எங்கள் சிரிப்பு பாறைகளில் மோதித் திரும்பி வந்தது.

அன்று மாலை குழிகளுக்குப் போனோம். அந்த வருடமும் மழை பெய்திருந்தது. பக்கத்துக் குழிகளில் மூன்று கண் உயிர்கள் நெருக்கியடித்து நீந்தின. நான் கெடுத்த குழியில் நீர் பளிங்குபோலத் தெளிந்து கிடந்தது. அதில் ஒன்றுமே அசையவில்லை. நான் நெடுநேரம் குனிந்திருந்தேன். எல்லா முட்டைகளும் ஒரே மழைக்குத் திறப்பதில்லை என்றார் வழிகாட்டி. சில அடுத்த மழைக்காகவும், சில அதற்கடுத்ததற்காகவும் காத்திருக்குமாம். அந்தக் குழியில் இன்னும் முட்டைகள் இருக்கின்றனவா என்று அவருக்கும் தெரியாது.

இப்போது காலில் அவ்வளவு பலமில்லை. இனி அங்கே போவேனோ தெரியாது. டொக்டரும் நானும் காலையில் ஆற்றங்கரையில் நடக்கிறோம். புறப்படும் முன், மொன்றியலில் வெயிலா பனியா என்று பார்ப்பதற்கு முன்பாக, அந்தப் பாலைவனத்தில் மழை பெய்ததா என்றுதான் கைத்தொலைபேசியில் பார்க்கிறேன்.