ஏரி அல்ல

சுகுணா அரசு அலுவலகத்தில் கிளார்க். தீவில், கராச்சர்மா பக்கம் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பழைய கேமராவையும் தூரத்தை இழுத்துக் காட்டும் எழுபது-முந்நூறு டெலி லென்சையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். நிலக்காட்சி எடுப்பவர்களின் வாட்ஸாப் குழுவில் நாற்பது பேர், பெண்கள் இருவர். அவள் எந்தப் படம் போட்டாலும் யாராவது ஒருவன் வந்து, "லேண்ட்ஸ்கேப்புக்கு டெலி எதுக்கு தீதி? வைட் வாங்குங்க" என்பான்.

குழுவின் அட்மின் கோகுல், மரைன் ஹில்லில் இருக்கும் இளம் காண்ட்ராக்டர். வண்டூர் போகும் வழியில், தண்ணீரில் பட்டமரங்கள் நிற்கும் இடத்தைப் அகலமாக வாங்கும் பதினாறு எம்.எம். வைட் லென்சில் எடுத்திருந்தான். முப்பது வினாடி எக்ஸ்போஷர். தண்ணீர் கண்ணாடியாகியிருந்தது. 'அமைதி ஏரி' என்று பெயர் வைத்தான். "க்யா பாத் ஹை பாய்" என்று குழு கொண்டாடியது.

அது ஏரி அல்ல. இரண்டாயிரத்து நான்கு டிசம்பரில் பூமி குலுங்கி நிலம் தாழ்ந்தது. உள்ளே வந்த கடல் திரும்பிப் போகவில்லை. அதற்குள் கிடப்பதில் மூன்று ஏக்கர் சுகுணாவின் அப்பா ராஜமாணிக்கத்தின் நெல்வயல். மரங்கள் உப்பு குடித்துச் செத்தவை.

அமாவாசைக்கு மறுநாள், கடல் நன்றாக வற்றியிருந்த மாலையில், சாலை மேட்டில் நின்று அதே இடத்தை அவள் எடுத்தாள். தண்ணீருக்கடியில் வரப்புகள் தெரிந்தன. டெலி அவற்றை நெருக்கி அடுக்கிக் காட்டியது. நடுவில் சாய்ந்த சர்வே கல். 'எங்கள் வயல், வண்டூர்' என்று எழுதி, குழு நடத்தவிருந்த கண்காட்சிக்கு அனுப்பினாள்.

தேர்வான படங்களைக் கோகுல் தன் வீட்டு டிவியில் எல்லோருக்கும் காட்டினான். அவள் படம் 'அமைதி ஏரி - 2' என்று வந்தது.

"கோகுல், வரப்பு எங்க?"

"கோடு கோடா இருந்துச்சுக்கா. க்ளீன் பண்ணிட்டேன். பாருங்க, ஏக்தம் ஸ்மூத்."

"கல்லு?"

"அது வேற கண்ண உறுத்துச்சு."

"உறுத்துனா எடுத்துருவியா? யாரக் கேட்ட?"

சோபாவிலிருந்த டெர்வின், படகு எஞ்சின் மெக்கானிக், சிரித்தான். "அக்கா போட்டோ புடிக்கப் போகல. நிலம் அளக்கப் போயிருக்காங்க."

"படம்தானேக்கா," என்றான் கோகுல். "பட்டாவா?"

"பட்டாவும் இருக்கு. கொண்டாரவா?"

யாரும் சிரிக்கவில்லை. கோகுல் இறங்கி வந்தான். "சரி, கோட்டத் திரும்ப வச்சுர்றேன். பேரு மட்டும் ஏரின்னே இருக்கட்டும். மெயின்லேண்ட்லேருந்து வர்றவங்க பாப்பாங்க. வயல் முங்கிருச்சுன்னு எழுதுனா சோகமாயிரும்."

"ஆகட்டுமே. எங்கப்பாவுக்கு ஆகலயா? என் படம் வேணாம், எடுத்துரு. உன் படத்துப் பேரையும் மாத்து."

"என் படத்துக்கு நான் என்ன பேரும் வைப்பேன்க்கா."

அது நியாயம்தான் என்றார்கள் எல்லோரும். அந்த 'நியாயம்'தான் அவளை எரித்தது.

கண்காட்சி இரண்டு நாள். சனிக்கிழமை திறந்ததும் வந்தாள். கோகுலின் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வந்தவர் ஒவ்வொருவரிடமும், தமிழிலோ ஹிந்தியிலோ, சொன்னாள்: "இது ஏரி இல்ல. எங்க வயல்." ஒரு தம்பதி முழுக்கக் கேட்டார்கள். பிறகு கணவர் கேட்டார், "எந்த லென்ஸ்?"

அவள் முதலிலிருந்து சொன்னாள்.

மத்தியானம் கோகுல் வந்தான். "ஆள்லாம் ஒரு மாதிரி பாக்குறாங்கக்கா. எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"எட்டு மணிக்குத்தான மூடுவீங்க?"

அவன் பெயர் அட்டையைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "போதுமா?"

"போதாது. வயல்னு எழுது."

"அது முடியாதுக்கா."

படம் பெயரில்லாமல் தொங்கியது. அடுத்து வந்த பெண் பெயர் அட்டையைத் தேடிவிட்டு, சுகுணாவைப் பார்த்தாள்.

"இது எந்த இடம்ங்க?"

சுகுணா சொல்லத் தொடங்கினாள்.