செங்கம்மாளின் பாசித் தொட்டி

யாராவது கதவைத் தட்டினால் செங்கம்மாளுக்குப் பயம். பால்காரன் தட்டினாலும் அப்படித்தான். முந்தானையில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, பின்முற்றத்துக் கதவைத் தாழிட்டுவிட்டுத்தான் முன்கதவைத் திறப்பாள்.

அவள் ஒன்றும் கள்ளச்சாராயம் காய்ச்சவில்லை. மீன் தொட்டியில் போடுகிற பாசி வளர்த்தாள், அவ்வளவுதான். பிழைக்க வந்த தலைநகரத்தில் அவள் பாத்திரம் தேய்க்கப் போன ஓர் அதிகாரி வீட்டில், கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் பாசியைக் குப்பையில் எறிவார்கள். பச்சைப் பசேலென்று உயிரோடு இருப்பதை எறிய அவளுக்கு மனசு வரவில்லை. ஈரத்துணியில் சுற்றிக்கொண்டுவந்து, முற்றத்தில் பாதியாக வெட்டிய டிரம்மில் நட்டாள். அடியில் தோட்டத்து மண், மேலே அலசிய பதர்பூர் பருமணல். நீளநீளமாக ரிப்பன் போல இலை விடும் அந்தச் செடி, மணலுக்குள் கொடி ஓட்டிக் குட்டி போட்டுக்கொண்டே போனது. குட்டிகளைக் கிள்ளி, ஈயத் தகட்டில் கட்டு கட்டினாள். ஜாமா மஸ்ஜித் பக்கத்து மீன் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். ஒரு டிரம் நாலாயிற்று. கொசு வராமலிருக்க ஒவ்வொன்றிலும் கப்பி மீன் விட்டாள். மே மாத வெயிலில் தண்ணீர் வெந்துவிடாமல் நனைத்த சாக்கைப் போர்த்தினாள். பிள்ளை இல்லாத வீட்டில் அவளுக்கு அது பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிற வேலை மாதிரி இருந்தது.

ஆனால் அது ஆர்.கே.புரத்து சர்க்கார் குவார்ட்டர்ஸ். உள்ளே வைத்து எந்தத் தொழிலும் செய்யக் கூடாது; செய்தால் வீடு போய்விடும். அதுவும் எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த வருஷம். காக்கிச் சட்டையைக் கண்டால் பெரிய மனிதர்களே தெரு மாறி நடந்தார்கள். அவள் புருஷன் பரமசிவமோ ஆபீசில் ஒரு பியூன். பயத்தில் அவளுக்கு அண்ணன். வீடு போனால் கேட்பாரில்லாமல் தெருவில் நிற்க வேண்டும் என்று தூக்கத்திலும் புலம்புவான்.

அன்று காலையில் பயம் கோபமாகத் திரும்பிவிட்டது.

"சாயங்காலம் நான் வர்றப்போ இந்தக் கருமம் எதுவும் இங்க இருக்கக் கூடாது. இருந்துச்சு, அப்புறம் நீ இருக்க மாட்ட, இல்லாட்டி நான் இருக்க மாட்டேன்!"

கத்திவிட்டு, சோறுகூடத் தின்னாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டான். அவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு எல்லாவற்றையும் பிடுங்கிக் கடைக்காரருக்கே கொடுத்துவிடலாம் என்று முற்றத்தில் உட்கார்ந்து கட்டுக் கட்ட ஆரம்பித்தாள். அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

வாசலில் காக்கிச் சட்டை. வந்தவர் மலேரியாக்காரர். ஊரெல்லாம் ஜுரம் என்பதால் வீடு வீடாகத் தேங்கின தண்ணீரைப் பார்த்துவருகிறவர். செங்கம்மாளுக்கு அது எங்கே தெரியும்? குவார்ட்டர்ஸ் ஆபீசிலிருந்து வந்துவிட்டார்கள் என்றே நினைத்தாள். அவர் நேரே உள்ளே வந்து முற்றத்துக் கதவைக் காட்டி, "அந்தர் க்யா ஹை?" என்று உள்ளே இருப்பதைக் கேட்டார்.

அவள் கதவை மறைத்துக்கொண்டு நின்றாள். அழுத கண், ஈரப் புடவை. பொய் சொல்லவும் இந்தி வேண்டுமே! தெரிந்த அரைகுறை இந்தியில் உண்மைதான் வந்தது.

"அந்தர்... பாசி. பாசி ஹை ஜி."

தூக்குப் போட்டுக்கொள்வதற்கு இந்தியில் ஃபான்ஸி என்று பெயர். தாழிட்ட கதவையும் அவள் முகத்தையும் பார்த்த மனிதர், மருந்து டப்பாவைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார். "மத்ராஸி கே கர் மே ஃபான்ஸி!" என்று, மதராஸி வீட்டில் தூக்காம் என்று, அவர் போட்ட கூச்சலில் குவார்ட்டர்ஸ் வரிசை முழுவதும் கூடிவிட்டது. யாரோ போலீசுக்கு ஓடினார்கள், யாரோ பரமசிவத்தின் ஆபீசுக்கே போன் போட்டார்கள்.

கான்ஸ்டபிள் வந்து முதல் வேலையாகத் தாழைத் திறந்தார். உள்ளே பிணமும் இல்லை, கயிறும் இல்லை. நாலு டிரம் தண்ணீரும், நனைந்த சாக்கில் வரிசையாகப் பச்சைக் கட்டுகளும் இருந்தன. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கான்ஸ்டபிள் சிரிக்கவில்லை. ஒரு கட்டைக் கையில் எடுத்து, இத்தனை எதற்கு என்று கேட்டார். அவள் மற்றக் கட்டுகளை முந்தானையால் மூடப் பார்த்தாள்.

அந்த நேரத்தில்தான் பரமசிவம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். காலில் ஒரு செருப்புதான் இருந்தது. உன் வீட்டில் ஃபான்ஸி என்று ஆபீசில் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் இருப்பவள் அவள் ஒருத்திதானே! அவளை உயிரோடு பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து, அவள் காலைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். கான்ஸ்டபிள் நிற்பது அவன் கண்ணில் படவே இல்லை.

"காலையில சொன்னதை மனசுல வெச்சுக்காத செங்கா! நீ வியாபாரம் பண்ணு தாயே! எந்த வியாபாரம் வேணாலும் பண்ணு!"

ஐயோ, அந்த ஒரு வார்த்தையா அவன் வாயில் வர வேண்டும்! அவள் குனிந்து அவன் வாயைப் பொத்துவதற்குள் கான்ஸ்டபிள் நிமிர்ந்து, என்ன வியாபாரம் என்று கேட்டார்.

"வியாபார்? கைஸா வியாபார்?"

பாசி புரியாதவர்களுக்கு, இந்தியிலும் அதே வார்த்தையான வியாபாரம் நன்றாகவே புரிந்தது. குளிர் தொடங்குவதற்குள் குவார்ட்டர்ஸ் போய்விட்டது.

பக்கத்து முனிர்காவில் மொட்டை மாடியோடு ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. டிரம்களைப் பரமசிவமே தோளில் சுமந்து மாடி ஏற்றினான். பாசி அங்கேயும் நன்றாகவே குட்டி போட்டது. கதவு தட்டினால் அவளுக்கு இப்போது பயமில்லை.

பயமெல்லாம் அவனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்ததும் மாடிப்படிக்குக் கீழேயே நின்றுவிடுவான்.

"செங்கா!" என்று கூப்பிடுவான்.

கை மண்ணில் இருந்தாலும் அடுப்பில் இருந்தாலும், "இருக்கேன், வாங்க" என்று அவள் குரல் கொடுக்க வேண்டும். கொடுக்கும்வரை அவன் படியில் கால் வைக்க மாட்டான்.