‘ஹம்’ என்றால் எத்தனை பேர்?

என் சீட்டுக்கட்டுக்கு ‘பந்த்’ என்று பெயர் வைத்தது நானல்ல. எதிரே உட்கார்ந்து அதை அனுபவித்தவர்கள் வைத்தார்கள். முதலில் கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஊரையே இழுத்து மூடுகிற திறமை நம்மிடம் இருக்கிறதே என்று மீசையைத் தடவிக்கொண்டேன். மீசை அப்போது இல்லை. இருந்த மாதிரி தடவினேன்.

அபர்டீன் பஜாரில் எங்களுக்குப் பாத்திரக்கடை. அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்து போட்டது. நான் இங்கேயே பிறந்தவன்; வீட்டில் தமிழ், கடையில் இந்தி, கனவில் எது முந்துகிறதோ அது. கடைக்குப் பின்கட்டில் சரக்குப் பிரிக்கிற மேஜை ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அந்த மேஜையில் ஆட்டம்.

ரம்மி என்று நினைத்துவிடாதீர்கள். இது பூதமும் மந்திரவாதியும் படைவீரனும் அச்சடித்த சீட்டு. பொட்டலம் பொட்டலமாக வாங்கி, மற்றவர்களோடு மாற்றிக்கொண்டு, அவரவர் கட்டை அவரவரே சேர்த்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஆடுவோம். ஆளுக்கு நாற்பது உயிர். மற்ற மூவரின் உயிரையும் கரைத்துவிட்டுக் கடைசியில் யார் மிஞ்சுகிறாரோ அந்த ஒருவர்தான் ஜெயித்தவர். இந்த ‘ஒருவர்’ என்பதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள். நான் இடறி விழப்போவது அதில்தான்.

ஆட்டத்தைக் கொண்டுவந்தவர் ஒரு வங்காளி நர்ஸ். குக்கர் கேஸ்கட் வாங்க வந்தவரை மழை பிடித்துக்கொண்டது. எங்கள் தீவு மழை சொந்தக்காரர் மாதிரி. வந்தால் ஒரு வேளை சாப்பிடாமல் போகாது. அதே மழைக்கு ஒதுங்கி நின்றவர் புரோத்ராபூர் பஸ் ஓட்டுகிற ராஞ்சிக்காரர். நர்ஸின் பையில் கொல்கத்தாவிலிருந்து தம்பி அனுப்பிய சீட்டுகள் இருந்தன. என் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, “இது என்னங்க படம்?” என்று குனிந்தாள். மழை விட்டபோது நாலு பேர் கையிலும் சீட்டு இருந்தது. அந்த கேஸ்கட் இன்னும் கடையிலேயே கிடக்கிறது. அதற்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

சீட்டுக்கு இங்கே ஒரே எதிரி ஈரம். ஒரு வாரம் வெளியில் இருந்தால் அப்பளம் மாதிரி வளைந்துகொள்ளும். அதற்காக நாலு எவர்சில்வர் சம்படங்களை ஒதுக்கினேன். ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற செட். பாத்திரப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சுகிற குட்டிப் பொட்டலங்களை உள்ளே போட்டு, கட்டை வைத்து, இறுக மூடி, ஷெல்ஃபில் வரிசையாக வைத்தோம். ஆட்டத்தைக் கொண்டுவந்தவர் என்பதால் நர்ஸுக்குப் பெரிய சம்படம். எனக்குக் கடைக்குட்டி. பங்கீடு என் மனைவியுடையது.

எங்கள் மேஜையில் பேச்சு இந்தி. இங்கே அதைத் தமிழாக்கித்தான் எழுதுகிறேன். நான் நர்ஸைத் தீதி என்பேன், அக்கா. அவர் என்னை தாதா என்பார். வங்காளத்தில் அது அண்ணன். தமிழில் அது வேறு ஆள். என் ஆட்டத்தைப் பார்த்தால் இரண்டும் சரி என்பாள் மனைவி. மேஜையில் தமிழ் கூடாது என்றொரு சட்டமும் தீதி போட்டிருந்தார். புருஷனும் பெண்டாட்டியும் ரகசியக் கூட்டணி போட்டுவிடுவார்களாம். என் மனைவி என்னோடு கூட்டணி சேர்ந்ததை அவர் எங்கே பார்த்தாரோ தெரியவில்லை.

இப்போது பந்த்துக்கு வருகிறேன். சிலர் பூதம் வளர்ப்பார்கள், சிலர் படை திரட்டுவார்கள். நான் எதையும் வளர்க்கவில்லை. அடுத்தவர் வைக்கிற சீட்டை ரத்து செய்கிற சீட்டுகளாகப் பார்த்துச் சேர்த்தேன். ஒருவர் ஆசையாக ஒரு பூதத்தை இறக்குவார். நான் “நஹீ” என்பேன், கிடையாது. பூதம் குப்பைக்குப் போகும். இன்னொருவர் தப்பித்தவறி நாலைந்து வீரர்களைச் சேர்த்துவிட்டால் மேஜையையே துடைக்கிற சீட்டு ஒன்று வைத்திருந்தேன். எல்லோரும் அலுத்து ஓய்ந்த பிறகு என்னுடைய ஒரே ஒரு பறவை பறந்து பறந்து மூன்று பேரையும் கொத்திக் கொல்லும். ஒரு ஆட்டம் முடிவதற்குள் டிரைவர் இரண்டு தூக்கம் போட்டு எழுந்துவிடுவார். நான் ஜெயித்துக்கொண்டே இருந்தேன். மூன்று முகங்களும் தொங்கியதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு தீதி ஒரு சீட்டை வைத்தார். பெரிய வெள்ளை யானை. அதற்காகப் பல சுற்று காத்திருந்தார் போலிருக்கிறது. வைக்கும்போதே கண்ணில் சிரிப்பு.

“நஹீ,” என்றேன்.

அவர் யானையை எடுத்துக் குப்பையில் வைத்தார். கைச்சீட்டுகளையும் ஒழுங்காக அடுக்கி வைத்தார்.

“தாதா, எனக்கு வாரத்துக்கு ஒரு லீவு. வார்டுல நாள் பூரா ‘இது கூடாது, அது கூடாது’ன்னு நான் சொல்றேன். லீவு அன்னிக்கு வந்து அதையே நான் கேட்கணுமா?”

சண்டை போடவில்லை. டீயைக் குடித்து முடித்தார். பெரிய சம்படத்திலிருந்து தன் சீட்டுப் பெட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். அதுவரை யாரும் கட்டை வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை.

டிரைவர் காலிச் சம்படத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணா, பந்த் வெற்றி,” என்றார்.

மெயின்லேண்டில் ஒருத்தர் போனால் இன்னொருத்தர் வருவார். இங்கே இந்த ஆட்டம் தெரிந்தவர்கள் என்று எங்களுக்குத் தெரிந்து நாங்கள் நாலு பேர்தான். தீதி வராவிட்டால் மூன்று பேர். அதில் ஒருவர் பஸ் டிரைவர், சும்மா உட்கார புரோத்ராபூரிலிருந்து எதற்கு வரப்போகிறார்? மிச்சம் நானும் மனைவியும். எங்கள் இருவருக்கும் இடையே ஆட்டம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது, அதற்குச் சீட்டு தேவையில்லை.

“ஆட்டம் சொல்லிக்கொடுத்த மனுஷியையே அடிச்சு விரட்டியாச்சு,” என்றாள் மனைவி. சிவகங்கைக்காரி, குரலை ஏற்றாமலே ஏற்றத் தெரிந்தவள். “கடைக்கு வர்றவங்கள்ட்டயும் இப்படித்தான் பேசுவீங்களா? கிண்ணம் இருக்கான்னா இல்லை, தட்டு இருக்கான்னா இல்லை?”

“அது வியாபாரம்.”

“அப்ப இதையும் வியாபாரமா செய்யுங்க. குடுத்து வாங்குங்க.”

யோசித்துப் பார்த்தால் பஜாரில் பிறந்தவன் முதலில் செய்திருக்க வேண்டியது அதுதான். கட்டை மேஜையில் விரித்தேன். அடக்கி ஆள்கிற கட்டை அரசியல் பண்ணுகிற கட்டாக மாற்றுவது என்று முடிவு. அடிக்காமலே பிழைக்கிற வித்தை அது: எதிராளிக்கு ஒரு வீரனைப் பரிசாகக் கொடுப்பாய், அவன் உன்னைத் தாக்கமாட்டான். எல்லோருக்கும் ஒரு சீட்டு இலவசமாகத் தருவாய், உனக்கு இரண்டு எடுத்துக்கொள்வாய். யார் மேல் இடி விழ வேண்டும் என்று மேஜையில் ஓட்டெடுப்பு நடத்துவாய், பிரசாரத்தையும் நீயே செய்வாய். ஒரே சிக்கல், அந்த ஓட்டுச் சீட்டுகள் என்னிடம் இல்லை. புதிதாகப் பார்சல் போட்டால் கப்பல் வந்து, மழை விட்டு, அது கைக்கு வருவதற்குள் தீதி இந்த ஆட்டத்தையே மறந்துவிடுவார். ஓட்டுச் சீட்டுகள் அவரிடம்தான் இருந்தன.

மனைவி போன் போட்டாள். அவளுடைய இந்தி எங்கள் நாலு பேரில் மோசம், ஆனால் எதற்கும் அஞ்சாத இந்தி. “தீதி, ஏக் பார் ஆவோ. அவர் திருந்திட்டார். தோடா. பூரா நஹீ.” கொஞ்சம்தானாம், முழுசாக இல்லையாம்.

தீதி ஒரே ஒரு ஞாயிறு வருவதாக ஒப்புக்கொண்டார். வந்தார். பெட்டி பையிலேயே இருந்தது. ஓட்டுச் சீட்டுகளுக்கு ஈடாக என் ‘நஹீ’ சீட்டுகளில் உயர்ந்தவற்றைக் கொடுத்தேன். விரல் பிரிய மனமில்லாமல் பிரிந்தது. அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, “இவ்வளவு நாள் என்னைக் கொன்னது இதுதானா? பார்க்கச் சாதுவா இருக்கே,” என்றார்.

முதல் ஆட்டம் அருமையாகப் போனது. நான் பரிசுகளை வாரி வழங்கினேன். ஓட்டெடுப்பு நடத்தினேன். டிரைவர் தூங்கவில்லை. பாதி ஆட்டத்தில் டிரைவரின் படை பெரிதாக நின்றது. நான் தீதியின் பக்கம் சாய்ந்து சொன்னேன்: “தீதி, எல்லாத்தையும் அனுப்பி டிரைவரைச் சாய்ங்க. ஃபிர் ஹம் ஜீத்தேங்கே.” அப்புறம் ஜெயம்தான் என்று அர்த்தம்; யாருக்கு ஜெயம் என்பது அந்த ‘ஹம்’மில் இருக்கிறது.

அவர் எல்லாவற்றையும் அனுப்பினார். டிரைவர் சாய்ந்தார். தீதி பக்கம் காவலுக்கு ஒரு வீரன்கூட இல்லை. என் முறை வந்தது, நான் அவரைச் சாய்த்தேன்.

“நீங்க ‘ஹம்’னு சொன்னீங்க,” என்றார் தீதி.

“ஆமா. ஜெயிக்கப்போறேன்ல?”

“ஹம்னா நாம ரெண்டு பேரும்னு நினைச்சேன்.”

டிரைவர் குறுக்கிட்டார். “எங்க வீட்ல ஹம்னா ஒரு ஆளுதான் தீதி. ‘ஹம் காயேங்கே’, சாப்பாடு போடுன்னா என் வீட்டுக்காரி ஒரு தட்டுதான் வைப்பா.”

தீதி சிரிக்கவில்லை. பையைக் கையில் எடுத்தார்.

நான் எந்த ஹம்மைச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. இந்தியில் அந்த வசதி இருக்கிறது. முடிவு செய்யாமலே சொல்லிவிடலாம். பிறந்ததிலிருந்து பேசுகிற இந்தியில் அப்படியொரு குழி இருப்பது அன்றுவரை என் காலுக்குத் தெரியவில்லை.

“தீதி, ஏக் மினிட்,” என்று என் மனைவி எழுந்தாள். சட்டத்தை மீறி மேஜையில் தமிழ் போட்டாள். கையை நீட்டி, தீதியையும் தன்னையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டு, “நாம,” என்றாள். அப்புறம் அந்தக் கையைத் தன் பக்கம் இழுத்து, என்னையும் தன்னையும் மட்டும் சேர்த்து, தீதியை வெளியே விட்டு, “நாங்க,” என்றாள். மறுபடி: “நாம, ஆப் அந்தர். நாங்க, ஆப் பாஹர்.”

தீதியின் கை பையிலேயே நின்றது. “உள்ளேயா வெளியேயான்னு சொல்றதுக்குத் தனித்தனி வார்த்தையா? எதுக்கு இவ்வளவு ஜாக்கிரதை?”

“இந்த மாதிரி ஆளுங்களோட குடும்பம் நடத்தணுமே,” என்றாள் மனைவி.

அப்போதுதான் தீதி சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. எனக்குத் தமிழ் தெரிந்து இத்தனை வருஷம்; ‘நாம’ என்று வாயெடுப்பதற்கு முன்பே எதிரே இருப்பவர் உள்ளேயா வெளியேயா என்று முடிவு செய்தாக வேண்டும் என்பதை அன்றுதான் பார்த்தேன். சோறு தின்கிற கையில் எத்தனை விரல் என்று அடுத்தவர் எண்ணிச் சொன்ன மாதிரி இருந்தது.

பையைக் கீழே வைத்துவிட்டு, “இன்னொரு ஆட்டம்,” என்றார் தீதி. “சட்டம் மாறுது. பேச்சு இந்தி. ஆனா ஹம் கிடையாது. எந்த ஒப்பந்தமா இருந்தாலும் இந்த ரெண்டு வார்த்தையில ஒண்ணு. எதுவரைக்கும்னும் சொல்லணும்.”

அந்த மாதிரி ஒரு ஆட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. “அண்ணா, அடுத்த சுற்று வரைக்கும் நாமா?” என்று டிரைவர் கேட்பார். “நாமா இல்ல, நாம. மாமா மாதிரி இழுக்காதீங்க,” என்பாள் மனைவி. என் கட்டுக்கும் அந்தச் சட்டம் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. பரிசு கொடுக்கும்போது ‘நாம’ என்றால் அவர்கள் நம்பினார்கள். நம்புகிறார்களே என்று நானும் காப்பாற்றினேன். எனக்கே அது விநோதமாக இருந்தது.

ஒரு கட்டத்தில் டிரைவர் தன் பெரிய பூதத்தின் மேல் ஒரு மந்திரச் சீட்டைப் போட்டு, அதன் பலத்தை இரட்டிப்பாக்கி என் மேல் ஏவினார். என்னிடம் தடுக்க ஒன்றுமில்லை. ‘நஹீ’ எல்லாம்தான் கைமாறிவிட்டதே. செத்தேன் என்று சீட்டைக் கீழே வைக்கப் போனேன்.

“நஹீ,” என்றது ஒரு குரல்.

தீதி. என்னிடம் வாங்கிய சீட்டை மந்திரத்தின் மேல் வைத்திருந்தார். மந்திரம் ரத்து. பாதி பலத்தோடு வந்த பூதத்தின் அடிபட்டும் எனக்குக் கொஞ்சம் உயிர் மிஞ்சியது.

“இந்தச் சுற்று வரைக்கும் நாம,” என்று விரலால் எனக்கும் தனக்கும் வட்டம் போட்டார். வட்டம் கொஞ்சம் கோணல். உச்சரிப்பு அதைவிடக் கோணல். என் காதுக்கு அது போதும். தாய்மொழியில் அந்தச் சொல்லை எனக்கு யாரும் அவ்வளவு பொறுப்போடு சொன்னதில்லை.

சுற்று முடிந்தது. தீதி என் மனைவியைப் பார்த்தார். மனைவி தலையசைத்தாள். இரண்டு பேரும் என் பக்கம் திரும்பி ஒரே குரலில், “நாங்க!” என்றார்கள். யானை வந்தது. அந்த வெள்ளை யானையேதான். நான் முதலில் செத்தேன்.

முதலில் சாகிறவர் டீ போட வேண்டும். ஸ்டவ்வில் பாலை வைத்துவிட்டு நின்றேன். பின்கட்டில் மூன்று பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள். “நாம யா நாங்க? சாஃப் போலோ, தெளிவா சொல்லு!” ஒரு ராஞ்சிக்காரரும் ஒரு வங்காளியும் என் மொழியில் பேரம் பேசிக்கொண்டிருக்க, ‘நாங்க’வுக்கு வெளியே நின்று நான் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயித்த எந்த ஞாயிறும் எனக்கு இத்தனை நிறைவாக இருந்ததில்லை. பால் பொங்கி வழிந்தும் விட்டது. அதைப் பற்றி மனைவி சொன்னதை இங்கே எழுதவில்லை.

போகும்போது தீதி பெட்டியைப் பைக்குள் வைக்கவில்லை. பெரிய சம்படத்தில் வைத்து மூடி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

மறுநாள் கடையில் ஒரு அம்மாள் ஷெல்ஃபைக் காட்டினார். “அந்த நாலு சம்படமும் செட்டா தம்பி? எடுங்க பார்ப்போம்.”

“நஹீ,” என்றேன். நினைப்பதற்கு முன்னால் வந்துவிட்டது.

“கடையில வச்சிட்டுக் குடுக்க மாட்டேன்னா?”

“இல்லம்மா. ஆள் இருக்கு அதுல.”

அந்த அம்மாள் சம்படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு கரண்டி மட்டும் வாங்கிக்கொண்டு வேகமாக இறங்கிப் போனார். உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: “சீட்டைக் குடுத்தாச்சு. வாய் மட்டும் இன்னும் இங்கயேதான் இருக்கு.”