ஆங்கிலம் தெரியாத வாத்தியார்

சபையாரே, நான் எரிச்சலில் செய்த ஒரு ஜெபத்தைப் பற்றித்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

என் பெயர் ரூபி. கீழ்வேளூர் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினோரு வருடமாக நர்ஸ். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. ஒரே நிபந்தனை, மே மாதத்துக்குள் ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் வாசிப்புப் பகுதியில் போய்விட்டது.

வார்த்தைகள்தான் என்னைக் கவிழ்த்தன. நோட்டில் இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ். காலையில் ஐம்பது மனப்பாடம் செய்வேன். சாயங்காலம் ஐந்து மிஞ்சும். அந்த ஐந்தும் கட்டுரைக்குள் வந்தால் அடையாளம் தெரியாது.

ஜனவரியில் ஒரு நாள் விடிந்ததும் சமையலறையில் உட்கார்ந்து வாய்விட்டே சொன்னேன். "ஆண்டவரே, பாபேல் கோபுரத்துல பாஷைகளக் கொழப்பினது நீர்தானே? இப்ப நான் மாட்டிக்கிட்டு முழிக்கிறேன். சொல்லிக் குடுக்க ஒரு ஆள அனுப்பும்!" நோட்டைத் தூக்கி எறிந்தேன்.

அது என் கணவர் தாமஸின் காலடியில் விழுந்தது. அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் தவறி, அதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். நோட்டை எடுத்து எழுத்துக் கூட்டினார்.

"அடி...குவேட். அப்டின்னா?"

"போதுமானது."

"எதுக்குப் போதுமானது?"

"எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சுங்க!"

அவர் விடவில்லை. பனி காய்ந்த பிறகுதான் மெஷின் வயலில் இறங்கும் என்பதால் காலையில் வீட்டில்தான் இருப்பார். தினமும் அடுப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டு கேள்வி. எனக்குத் தலை வெடிக்கும்.

"மிடிகேட்னா?"

"கொறைக்கிறது."

"எதக் கொறைக்கிறது? கூலியையா?"

"இல்லங்க! பாதிப்ப. மழைக்கு முன்னாடியே வடிகாலத் தூர்வாரி வச்சா பயிர் அழுகுறது கொறையும்ல, அதுதான்."

"இத மொதல்லயே சொன்னா என்ன?"

ஒருநாள் கத்திவிட்டேன். "இங்கிலீஷே தெரியாத உங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "எனக்குப் புரியிற மாதிரி சொல்லிட்டா ஒனக்கு மறக்காதுன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அன்று மத்தியானம் மருத்துவமனையில் மாதிரித் தேர்வு ஒன்றைப் பிரித்தேன். அவருக்கு விளக்கிய வார்த்தை ஒன்றுகூட என்னை நிறுத்தவில்லை. மனப்பாடம் செய்தவற்றில்தான் தடுக்கினேன். அப்போதுதான் உறைத்தது. நான் ஆள் கேட்டேன். ஆண்டவர் அன்றைக்கே அனுப்பிவிட்டார். நான்தான் அந்த ஆளை விரட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டேன். "சரி, அடுத்த வார்த்தையச் சொல்லு" என்றார்.

ஏப்ரலில் திருச்சியில் தேர்வு எழுதினேன். தேவையானதைவிடக் கூடுதலாகவே மதிப்பெண் வந்தது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். செப்டம்பரில் கிளம்புகிறேன். என் கணவரை ஆங்கிலம் தெரியாதவர் என்று ஒதுக்கி வைத்தவள் நான். அந்தப் பெருமையையும் ஆண்டவர் உடைத்தார்.

உங்களுக்கும் எரிச்சலாக இருந்தால் எரிச்சலோடே ஜெபியுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் ஜெபித்துவிட்டு வீட்டுக்குள்ளேயும் ஒருமுறை பாருங்கள். நீங்கள் கேட்ட ஆள் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கலாம்.