வருகை நாளுக்குப் பிந்திய தேதி

தேர்வு விண்ணப்பம் கடைசி நாளுக்குப் பிறகு வந்தால், தகப்பனார் தகுந்த காரணத்தைத் தம் கையால் எழுதி, தலைமையாசிரியை மேலொப்பமிட்டு அனுப்பினால், தாமதத்தை மன்னிக்கலாம். விதி இவ்வளவுதான். எது தகுந்த காரணம் என்று அது சொல்லவில்லை. சொல்ல அவசியமும் இருந்ததில்லை. மைசூர் ராஜ்யத்துத் தகப்பனார்கள் எல்லோரும் காய்ச்சல் என்றே எழுதினார்கள்; காய்ச்சல்கள் எல்லாம் மன்னிக்கப்பட்டன.

நான் அப்போது வேறொரு சர்க்கார் அலுவலகத்தில் குமாஸ்தா. என் அக்கா நர்ஸ். அவள் கணவர் கணக்கு வாத்தியார், ஞாயிறு தவறாமல் கிறிஸ்தவக் கோவிலுக்கு வந்தவர். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. மைசூரில் மண்டி மொஹல்லாவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒருவன் அவரைப் பிடித்துக்கொண்டான். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் பறக்கும் தட்டுப் படங்களைப் பார்த்துப் பார்த்து, வெள்ளி கிரகத்தார் தன்னோடு பேசுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கடைக்குப் பின்னால் சபை. ஞாயிறு காலை, கோவிலில் ஆராதனை நடக்கும் அதே நேரத்தில் கூட்டம்.

தட்டு இறங்குவதற்கு இரும்பு தடையாம். எனவே உறுப்பினர் வீட்டில் இரும்பு கூடாது. அக்காவின் தோசைக்கல் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. அதைப் பொறுத்துக்கொண்டேன். இரண்டாவது கட்டளையைத்தான் இன்றும் பொறுக்க முடியவில்லை. வெள்ளி கிரகத்தார் ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வருவார்கள். அந்த நாளுக்குப் பிந்திய தேதி உள்ள எந்தக் காகிதத்திலும் உறுப்பினர்கள் கையெழுத்துப் போடக்கூடாது. போட்டால், அவர்கள் வரமாட்டார்கள் என்று எழுதிக் கொடுத்ததாகுமாம்.

அக்கா மகளுக்கு மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. தேறினால் ஜூனில் நர்ஸ் பயிற்சியில் சேர்வதாக இருந்தாள். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், வருகைக்கு முந்தின வியாழன். அதில் மார்ச் தேதி இருந்ததால் மச்சான் கையெழுத்துப் போட மறுத்தார். தகப்பனார் உயிரோடு ஊரில் இருக்கும்போது தாயின் கையெழுத்து செல்லாது.

கடைக்காரனிடம் நேரே போனேன். அவன் தலைக்கு மேல் நகரசபை லைசென்ஸ் மரச்சட்டம் போட்டுத் தொங்கியது. அடுத்த வருஷம் மார்ச் வரை செல்லும். கீழே அவன் கையெழுத்து.

"இது எந்தத் தேதி?" என்று கேட்டேன்.

அவன் ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, கன்னடம் கலந்த தமிழில், "அது கடைக்கு வாங்கினது சார். கடைக்கு நம்பிக்கெ கிடையாது" என்றான்.

"அந்தப் பொண்ணு படிப்புக்கு?"

"அவங்க வந்துட்டா பரீட்சை எதுக்கு சார்? நம்பிக்கெ இல்லேன்னா சும்னே இருங்க."

வியாழன் கடந்தது. சனிக்கிழமை சபை முழுவதும் மலையடிவாரத்து மைதானத்தில் நின்றது. நானும் போய் ஓரமாக நின்றேன். நான்கு மணிக்கு எருமைகள் வந்தன. ஐந்தரைக்குக் கடைக்காரன், யாரிடம் இரும்பு என்று ஒவ்வொருவராகச் சோதிக்க ஆரம்பித்தான். அக்காவின் சேலைத் தலைப்பில் ஒரு ஊக்கு இருந்தது. டியூட்டியிலிருந்து நேராக வந்தவள், கழற்ற மறந்திருந்தாள். "இதோ!" என்று அதைத் தூக்கிக் காட்டினான். அத்தனை பேரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கணவரும் பார்த்தார்.

ஞாயிறு காலை அவரே விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "நாள் தாண்டிடுச்சு மாப்ளே. இனிமே போடலாம்." இனி காரணம் எழுத வேண்டும்.

"காய்ச்சல்னு எழுதுங்க மச்சான்."

"யாருக்குக் காய்ச்சல்?"

"யாருக்கோ. ஒரு வரி. முடிஞ்சுது."

"முப்பது பிள்ளைங்களுக்குப் பொய் சொல்லாதேன்னு பாடம் எடுக்கிறேன். என்னைப் பொய் எழுதச் சொல்றியா?"

"எழுதிடுங்கப்பா" என்றாள் மகள். அவர் காதில் வாங்கவில்லை. கரும்பலகைக்குப் பழகிய அழகான கையெழுத்தில் எழுதினார்: வெள்ளி கிரகத்தார் வருகையை எதிர்பார்த்திருந்தபடியால், அந்நாளுக்குப் பிந்திய தேர்வுக்கான தாளில் கையொப்பமிட இயலாமற்போயிற்று.

இன்னொருவர் ஒப்பமிட்ட காகிதத்தைத் திருத்தக்கூடாது என்பது நான் வேலையில் கற்ற முதல் பாடம். அன்று அதை மறந்திருக்கலாம். மறக்கவில்லை. இதில் என் பங்கு அது.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு முறை படித்தார். "ஏன் சார், இதை அனுப்பணுமா?" என்றார். விதிப்படி அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றேன். அனுப்பினார்.

தேர்வு அலுவலகத்தில் என் சிநேகிதர் ஒருவர் இருந்தார். பிப்ரவரியில் விசாரித்தபோது சிரித்தார். "உங்க மச்சான் பேப்பர் ஒரு டேபிள்லயும் நிக்கிறதில்லப்பா. எல்லாரும் படிக்கணும்னு கேக்கறாங்க. சூப்பிரண்டு வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிட்டார், சம்சாரத்துக்குக் காட்ட." காய்ச்சலாக இருந்தால் இரண்டு நாளில் முத்திரை விழுந்திருக்கும். முடிவெடுக்க ஒருவரும் அதைக் கையில் எடுக்கவில்லை.

மார்ச் வந்தது. அவள் கூடப் படித்தவர்கள் தெருவழியே பரீட்சைக்குப் போனார்கள். தினமும் தபால்காரர் வந்து போன பிறகு, "மாமா, உங்க சிநேகிதர்கிட்டேர்ந்து ஏதாவது வந்துச்சா?" என்று கேட்பாள். கடைசித் தாள் முடிந்த அன்று கேட்கவில்லை. கடைக்காரன் அதற்குள் வேறொரு வருகை நாள் அறிவித்திருந்தான். மச்சான் மறுபடி சபைக்குப் போகத் தொடங்கியிருந்தார், அக்கா போகவில்லை.

பதில் பள்ளிக்கு வந்தது. காட்டப்பட்ட காரணம் தகுந்ததென ஏற்கப்பட்டது, தாமதம் மன்னிக்கப்படுகிறது, மாணவி நடப்பு மார்ச் தேர்வை எழுத அனுமதிக்கப்படுகிறார் என்று மூன்று வரி. பெற்றுக்கொண்ட தேதியைத் தலைமையாசிரியை சிவப்பு மையில் குறித்திருந்தார்: மே மாதம் நான்காம் தேதி.