காகத்துக்குச் சோறு வைத்தவர்களுக்கு

இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றி இனிமையாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி உறவினர்கள் கேட்டார்கள். இனிமையானவர் அக்கா. எனக்கு அந்தக் குணம் கிடையாது. அவர் மறைந்து ஓராண்டு ஆகியும் என் கோபம் ஆறவில்லை. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அக்கா புலாவ் செபாங் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். அடுத்து அண்ணன், கடைசியாக நான். அப்பா படுக்கையில் விழுந்ததும் அக்கா படிப்பை நிறுத்திவிட்டு, பத்து பெரண்டாம் என்ற ஊரில் தொழிற்சாலை வேலைக்குப் போனார். அண்ணன் படித்து ஆளானது அந்தச் சம்பளத்தில்தான். தன் கல்யாணத்தைப் பற்றி அக்கா பேசவில்லை. மற்றவர்களும் பேச்செடுக்கவில்லை.

தொழிற்சாலைத் தோழி ஒருவர் மூலம் அக்கா கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார். நான் அம்மனைக் கும்பிடுகிறவள். கூடத்தில் என் விளக்கு, சமையலறையில் அவர் ஜெபம். ஒரே வீட்டில் எங்களுக்குள் ஒரு சண்டையும் வந்ததில்லை.

சனிக்கிழமை காலைகளில் அண்ணன் பிள்ளைகளும் உறவுக்காரப் பிள்ளைகளும் எங்கள் பின்வாசலுக்கு வந்துவிடுவார்கள். ஒரு பப்பாளி, துணிக்கொடி, பக்கத்து வீட்டு மாமரம், அவ்வளவுதான் அங்கே. கொடியில் கூடு கட்டும் தேன்சிட்டைக் காட்டி, "ஒவ்வொரு நாரா கொண்டு வருது பாருங்க. ஜெபமும் அப்படித்தான், ஒரே நாள்ல முடியாது," என்பார் அக்கா. மைனாக்கள் அடித்துக்கொண்டால், சபைக் கூட்டம் நடக்கிறது என்று சிரிப்பார். ஆனால் அவருக்குப் பிடித்தது காகம். எல்லாரும் விரட்டும் அந்தப் பறவையைத்தான் ஆண்டவர் பைபிளில் பார்க்கச் சொன்னார் என்பார்.

ஒருநாள் மாமரத்தில் காகம் ஒரு குயில் குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது.

"அத்தை, அது வேற புள்ளன்னு காக்காவுக்குத் தெரியாதா லா?" என்று அண்ணன் மகள் கேட்டாள்.

"தெரியுமோ தெரியாதோ, ஊட்டுது பாரு. ஆண்டவர் தெரிஞ்சேதான் நம்மள தன் புள்ளையா எடுத்துக்கிட்டாரு," என்றார் அக்கா.

பிள்ளை அதை வீட்டில் போய்ச் சொன்னாள். அன்று மாலையே அண்ணன் வந்தார்.

"காக்காவ காட்டி என் புள்ளைங்கள வேதத்துக்கு இழுக்கிறியாக்கா? இனிமே அனுப்ப மாட்டேன்."

"நான் நம்புறத சொன்னேன் தம்பி. வேணாம்னா சொல்லல. புள்ளைங்கள மட்டும் நிறுத்தாத."

நிறுத்திவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் நிறுத்தினீர்கள். ஆம், இதைப் படிக்கும் உங்களைத்தான் சொல்கிறேன்.

பிறகு அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் தொடங்கியது. அப்போதும் சனிக்கிழமையானால் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். "யாராச்சும் வந்தாங்களா?" என்பார். கடைசி வாரம் மருத்துவமனையிலும் அதையே கேட்டார். நான் அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் வந்தார், பிள்ளைகளை அழைத்து வரவில்லை.

சபையார் அக்காவை அடக்கம் செய்தார்கள். பதினாறாம் நாள் அண்ணன் வாழையிலையில் சோறு கொண்டுவந்து, எங்கள் பின்சுவரில் வைத்துக் காகத்தைக் கூப்பிட்டார். காகம் கொத்தியதும், "அக்கா வந்துருச்சு பாரு," என்று கண் கலங்கினார். சுற்றி நின்ற நீங்களும் கைகூப்பினீர்கள். காகத்துக்குச் சோறு வைப்பதில் எனக்கு வருத்தமில்லை. அப்பா அம்மாவுக்கு நானும் வைக்கிறேன். உயிரோடு இருந்தவர் கெஞ்சிக் கேட்டதைக் கொடுக்காமல், இறந்த பிறகு அவர் கேட்காததை வைத்தீர்களே, அதற்குத்தான் வயிறு எரிகிறது. அன்றைக்கும் பிள்ளைகளை வீட்டில்தான் விட்டு வந்திருந்தீர்கள்.

அக்காவை டயாலிசிஸுக்குத் தன் காரில் ஏற்றிச் சென்ற நாங்கள் மக்சிக் என்று அழைக்கும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவுக்கும், உடனிருந்து ஜெபித்த சபையாருக்கும், விடுப்பு எடுத்து வந்த தொழிற்சாலைத் தோழிகளுக்கும் என் நன்றி. மற்றவர்களுக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை. மன்னிப்பதெல்லாம் அக்காவுக்குக் கைவந்தது, எனக்கு இன்னும் வரவில்லை.

சனிக்கிழமை காலையில் பின்வாசலைத் திறந்தே வைத்திருக்கிறேன். எனக்கு வேதம் தெரியாது. ஆனால் பிள்ளைகள் கேட்டால், அக்கா சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொல்வேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் வர வேண்டாம், அண்ணா. பிள்ளைகளை அனுப்புங்கள்.